சனிக்கிழமைச் சம்பளம் யாருடையது?

பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மாதக் கணக்கில் பதில் வராது. "இந்த வாரம் ஒம்போது ஷிப்ட்டுங்க" என்றுதான் வரும். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலையில் எட்டரைக்கு உட்கார்ந்து ராத்திரி வரை தைத்தால் ஒன்றரை ஷிப்ட். ஆறு நாளும் அப்படியே போனால் ஒன்பது. ஓவர்லாக் அடிக்கும் பையனும், செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்ணும், கைமடிக்கும் அக்காவும் வாரம் முழுக்க இந்த எண்ணிக்கையிலேயே வாழ்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அது ரூபாயாக மாறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் அதில் பெரும்பகுதி கை மாறிவிடும். முன்னால் வாங்கிய அட்வான்ஸைக் கம்பெனியிலேயே பிடித்துக்கொள்வார்கள். மளிகைக் கடை நோட்டில் ஒரு தொகை, லைன் வீட்டு வாடகைக்கு ஒரு தொகை. குழுக் கடன் தவணை, போன் இஎம்ஐ, சூப்பர்வைசர் நடத்தும் ஏலச்சீட்டு என்று வரிசை நீளும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் இதற்கு முன்பே ஊருக்குப் பணம் அனுப்பியிருப்பார்கள். மிஞ்சுவது பிரியாணிக்கும் சினிமாவுக்கும் ஆகும்.

இருபது வயதுக்காரர்களிடம் சிக்கனத்தைப் பற்றிப் பேச இங்கே யாருக்கும் தகுதி கிடையாது. அவர்கள் ஏற்கெனவே சிக்கனமாகத்தான் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பணம் நம் கையை விட்டுப் போன பிறகு எங்கே தங்குகிறது? அங்கே என்ன வேலை செய்கிறது? அந்த வேலை நம் மனசுக்குச் சம்மதமா? திருப்பூர் அளவுக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டு அடிபட்ட ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

ஆற்றில் ஓடிய வட்டி

காட்டன் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். கிலோ கிலோவாக வேண்டும். சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு தண்ணீரிலேயே நிற்கும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறத்தை எடுத்துவிடலாம், உப்பை எடுக்க முடியாது. ஏற்றுமதி சூடுபிடித்த காலத்தில் அந்த உப்புத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் போய் விழுந்தது. வெளிநாட்டில் இந்த சீசனுக்கு என்ன நிறம் ஓடுகிறது என்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார்கள். பாசனத்துக்கென்று அதன் குறுக்கே கட்டி 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களிலேயே சாயக்கழிவுத் தொட்டி ஆனது. அணைக்குக் கீழே கிணறுகள் உப்பாயின, தென்னை கருகியது, மாடுகள் அந்தத் தண்ணீரில் வாய் வைக்க மறுத்தன.

அந்த விவசாயிகள்தான் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. சாயம் நின்றால் துணி நிற்கும், துணி நின்றால் தையல் நிற்கும். எந்தத் தப்பும் செய்யாத டெய்லர்கள் ஷிப்ட் இல்லாமல் உட்கார்ந்தார்கள்.

இதற்கும் ஒரு இளைஞரின் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. பட்டறைகள் வங்கிக் கடனில் மட்டும் எழும்பியவை அல்ல. காட்டை விற்ற பணம், மாமனார் கொடுத்தது, பங்காளிகளிடம் ரெண்டு வட்டிக்கு வாங்கியது என்று கொங்கு நாட்டுக் குடும்பங்களின் சேமிப்பு அவற்றுக்குள் கிடந்தது. கொடுத்தவர்கள் வட்டி எவ்வளவு என்று கேட்டார்கள், தவணை தவறாமல் வருமா என்று கேட்டார்கள். கழிவு எங்கே போகிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கொடுத்த குடும்பத்துக்கே நொய்யல் கரையில் தோட்டம் இருந்திருக்கலாம். ஒரு கையால் வட்டி வாங்கி, இன்னொரு கையால் உப்புக் கிணற்றில் நீர் இறைத்தவர்களும் இந்த வட்டாரத்தில் உண்டு.

பிறகு ஊர் மாறியது, அதையும் சொல்ல வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறை வந்தது. தண்ணீரைப் பிரித்துத் திரும்பச் சாயத்துக்கே அனுப்புகிறார்கள், உப்பையும் மீட்டெடுக்கிறார்கள். ஜீரோ டிஸ்சார்ஜ் என்பதை இன்று இதே ஊர் வெளிநாட்டு பையர்களிடம் பெருமையாகச் சொல்கிறது. கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் அது மலிவாக முடிந்திருக்கும்.

பதில் வராத கேள்வி

நொய்யல் வழக்கு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 2008, 2009இல், திருப்பூரில் இன்னொரு வியாபாரம் நடந்தது. பாசி ஃபாரெக்ஸ் என்ற நிறுவனம், அன்னியச் செலாவணி வர்த்தகத்தில் பணம் கொழிக்கிறது என்று சொல்லி டெபாசிட் வாங்கியது. பனியன் தொழிலில் ஒரு ரூபாய் லாபம் பார்க்க எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று தெரிந்த ஊர் இது. அந்த ஊர்க்காரர்களே கொண்டுபோய்க் கொட்டினார்கள். மோசடித் தொகை ரூ.930 கோடி என்று கணக்கு வந்தது. வழக்கை சிபிஐ விசாரித்தது. 2022 ஆகஸ்டில் கோவை சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. பணம் போட்டபோது இருபத்தைந்து வயதாக இருந்தவருக்கு, தீர்ப்பு வரும்போது நாற்பதை நெருங்கியிருக்கும். இடையில், 2012இல், பக்கத்துப் பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்பு என்று சொல்லிப் பணம் வாங்கிய மோசடி வெடித்தது.

இந்தக் கதைகளைப் பேராசை என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போட்டவர்களில் பலர் மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும்தான் போட்டார்கள். நோக்கத்தில் பழுது இல்லை. இந்த லாபம் யார் உழைப்பிலிருந்து, எந்தச் சரக்கிலிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் பணத்தை வைத்ததுதான் பழுது. ஓவர்லாக் மெஷின் வாங்க ஒருவர் கடன் கேட்டால், அவர் எத்தனை பீஸ் அடிப்பார், பீஸுக்கு எவ்வளவு நிற்கும் என்று திருப்பூரில் பிறந்த யாரும் கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்தக் கணக்கை எல்லா இடத்திலும் போட்டால் போதும். டெபாசிட் வாங்க அனுமதி உள்ள நிறுவனமா என்று பார்க்க ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளம் இருக்கிறது. ஏலச்சீட்டு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா என்று பதிவுத்துறையில் கேட்கலாம். சீட்டு நடத்துபவர் நல்லவர்தான், ஆனால் அவர் நல்ல குணம் பதிவுச் சான்றிதழ் ஆகாது.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தப் பொறி போனுக்குள் வருகிறது. மெர்ச்சண்டைசர் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாதவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ என்ற ஊக வர்த்தகம் செய்கிறார்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அப்படி வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்று சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024 செப்டம்பரில் வெளியிட்டது. அந்தக் கூட்டத்தில் முப்பது வயதுக்குட்பட்டவர்களின் பங்கு ஒரே வருடத்தில் 31லிருந்து 43 சதவீதமாக ஏறியிருந்தது.

சுமங்கலி

அடுத்ததை எழுதக் கை கனக்கிறது. பணத்தைச் சேமிப்பதும் அதற்கு ஒரு நோக்கம் வைப்பதும் எப்போதும் நல்லதுதான் என்று நினைப்பவர்கள், கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று மங்கலமான பெயர்கள். தென் மாவட்டங்களின் ஏழை வீடுகளுக்கு ஏஜெண்டு வருவார். பெண்ணை மூன்று வருடம் மில்லுக்கு அனுப்புங்கள், விடுதி இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, முடிவில் மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்பார். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள், சில இடங்களில் அதற்கும் குறைந்தவர்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தினக்கூலி சொற்பம். வெளியே போகவும் போன் பேசவும் கட்டுப்பாடு. உடம்புக்கு முடியாமல் மூன்று வருடத்துக்கு முன்பே கிளம்பினால் மொத்தத் தொகை போச்சு. 2011இல் நெதர்லாந்தின் சோமோ உள்ளிட்ட அமைப்புகள் அறிக்கை வெளியிட்ட பிறகு வெளிநாட்டு பிராண்டுகள் விழித்துக்கொண்டன. இங்கே உள்ள தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் அதற்குப் பல காலம் முன்பிருந்தே கத்திக்கொண்டிருந்தன.

அந்த ஐம்பதாயிரம் யாரும் கொடுத்த பரிசு அல்ல. அந்தப் பெண்ணுக்கு வாரா வாரம் சேர வேண்டிய கூலியைப் பிடித்து வைத்திருந்த தொகை அது. வட்டியும் அவளுக்கு இல்லை, பாதுகாப்பும் இல்லை. அதன் நோக்கத்தையும் மில்லும் பெற்றோரும் முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. அதற்கு நாற்பது, ஐம்பது வருடம் கழித்து ஒரு சிறுமி தன் வரதட்சணையைத் தானே பஞ்சுத் தூசிக்குள் நின்று சம்பாதித்தாள். பிளஸ் டூ முடிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்ததா, நர்ஸிங் படிக்க ஆசையா, தம்பியைப் படிக்க வைக்க வேண்டுமா என்று யார் கேட்டார்கள்?

அந்தப் பெயரில் இன்று வெளிப்படையாக ஆள் எடுப்பதில்லை. சம்பளம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆனாலும் விடுதியில் தங்கி வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் கேட்க ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது: ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது? அப்பாவிடமா, அண்ணனிடமா, உன்னிடமா? போனில் வரும் மெசேஜ் யார் நம்பருக்குப் போகிறது? கணக்கு அவள் பெயரில் இருப்பது வேறு, அவள் கையில் இருப்பது வேறு.

வீட்டுக்குப் பணம் அனுப்புவதை நான் குறை சொல்லவில்லை. தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பிய அக்காமார் இந்த ஊரில் ஏராளம். அவர்கள் செய்தது எந்த முதலீட்டு நிபுணர் சொல்லும் திட்டத்தையும்விட உயர்ந்தது. அதைத் தீர்மானித்தது அந்தப் பெண்ணா என்பதுதான் விஷயம். "எனக்குப் பத்துப் பவுன் வேண்டாம்ப்பா, அந்தப் பணத்துல நான் பி.காம். முடிச்சுக்கறேன்" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு வீட்டில் இடம் இருக்க வேண்டும். மகனுக்கும் அதே பேச்சு உண்டு. ஊர் மெச்சக் கல்யாணம் செய்ய வாங்கிய கடனை, கல்யாணமான பிள்ளைதான் ஐந்து வருடம் வாராவாரம் கட்டுகிறான். மண்டபத்தில் சாப்பிட்டவர்களுக்கு அது தெரியாது. நிச்சயத்துக்கு முன்பே இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து தொகை பேச முடிகிறதென்றால், பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து கடன் பேசவும் முடியும்.

பிடித்தம் என்று ஒரு வரி

திருப்பூரில் பிஎஃப் என்றாலே முகம் சுளிக்கும் தொழிலாளர்கள் அதிகம். "கைக்கு வர்றத ஏங்க குறைக்கறீங்க" என்று அவர்களே வேண்டாம் என்பார்கள். சில முதலாளிகளுக்கு அது வசதி. ஷிப்ட்டுக்கு இருபது ரூபாய் அதிகம் என்று பிஎஃப் பிடிக்காத கம்பெனிக்குத் தொழிலாளர்கள் மாறிப் போவார்கள். பிஎஃப் பிடிக்கப்பட்டவர்களும் கம்பெனி மாறும்போதெல்லாம் எடுத்துச் செலவழித்துவிடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிஎஃப் சம்பளம் மாதம் ரூ.15,000 என்று வையுங்கள். நம்மிடம் 12 சதவீதம், ரூ.1,800 பிடிப்பார்கள். கம்பெனியும் ரூ.1,800 போட வேண்டும். அதில் ஏறத்தாழ ரூ.1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், மிச்சம் ரூ.550 நம் வைப்புநிதியில் சேரும். ஆக மாதம் ரூ.2,350. 2024-25க்கு அறிவித்த 8.25 சதவீத வட்டி தொடர்ந்தால், பத்து வருடத்தில் இது நாலு லட்சத்தைத் தாண்டிவிடும். பத்து வருடச் சேவை முடித்தால் 58 வயதில் ஓய்வூதியத்துக்கும் உரிமை வந்துவிடும். வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் ஏழு லட்சம் வரை காப்பீடு. அந்த இருபது ரூபாய் இதற்கு ஈடாகுமா? கம்பெனி மாறினாலும் யுஏஎன் எண் அதேதான், பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துக்கொள்ளலாம். பிடித்த பணத்தை உண்மையிலேயே கட்டுகிறார்களா என்று போனிலேயே பாஸ்புக்கைப் பார்த்துவிடலாம்.

இங்கே ஒரு சங்கடமும் உண்டு. 2015 முதல் பிஎஃப் பணத்தில் ஒரு பகுதி நிஃப்டி, சென்செக்ஸ் குறியீட்டுப் பங்குகளுக்குப் போகிறது. அந்தப் பட்டியலில் சிகரெட் தயாரிக்கும் ஐடிசியும் உண்டு. எல்ஐசி அந்த நிறுவனத்தின் பெரும் பங்குதாரர்களில் ஒன்று. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் புகையிலையில் முதலீடு செய்யலாமா என்று 2017இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். பீடியால் அப்பாவைப் பறிகொடுத்த பையனின் பணம், அவனுக்கே தெரியாமல் சிகரெட் கம்பெனியில் வேலை செய்கிறது. அதற்காக பிஎஃப்பை விட்டுவிடு என்று சொன்னால் அது அநியாயம். நம் கட்டுப்பாட்டில் இருக்கும் பணத்துக்கு மட்டும் நாம் வழி சொல்வோம். மது, புகையிலை, வட்டித் தொழிலைத் தவிர்க்கும் மியூச்சுவல் ஃபண்டுகள் இந்தியாவில் தொண்ணூறுகளிலிருந்தே இருக்கின்றன. மாதம் ஐந்நூறு போடுகிறவருக்கும் அந்த வழி திறந்திருக்கிறது.

ஆனால் அப்படிப்பட்ட ஃபண்டுகள் திருப்பூரைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன் பற்றி செபி கட்டாய அறிக்கை கேட்பது பங்குச் சந்தையின் முதல் ஆயிரம் நிறுவனங்களிடம். நம் பனியன் கம்பெனிகளில் மிகப் பெரும்பாலானவை சந்தையிலேயே இல்லை. அவை எப்படி நடக்கின்றன என்பதற்கு இருக்கிற ஒரே அறிக்கை சம்பளச் சீட்டுதான். அதில் பிஎஃப் வரி இருக்கிறதா, இஎஸ்ஐ வரி இருக்கிறதா, ஓவர்டைம் தனியாகத் தெரிகிறதா என்று படிக்கத் தெரிந்த இருபது வயதுக்காரர், எந்தக் கம்பெனிக்குத் தன் உழைப்பைக் கொடுக்கலாம் என்றும் தீர்மானிக்கலாம்.

இதெல்லாம் நடக்க கையில் கொஞ்சம் ரொக்கம் வேண்டும், கடன் நெருக்கும்போது யாருக்கும் கொள்கை பேச வாய் வராது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது இங்கே ஆர்டர்கள் நின்றன, ஷிப்ட்டுகள் குறைந்தன. சீசன் டல்லடிப்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. வாரம் முந்நூறு ரூபாய் ஒதுக்கி இரண்டு மாத வாடகையும் மளிகையும் சேர்த்து வைத்தவர் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் அந்த மாதங்களைக் கடப்பார். அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் நூறு ரூபாயில் தொடங்குகிறது. வருடம் ரூ.20க்கு விபத்துக் காப்பீடும் ரூ.436க்கு ஆயுள் காப்பீடும் வங்கிக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளலாம், இரண்டிலும் தலா இரண்டு லட்சம்.

நாலு மெஷின் போட்ட பிறகு

திருப்பூரின் பெரிய கனவு, டெய்லராக நுழைந்து முதலாளி ஆவது. சரத் சாரி 2004இல் எழுதிய 'ஃப்ரடர்னல் கேபிடல்' என்ற ஆய்வு நூல் முழுக்க இந்த ஊரில் அப்படி ஏறி வந்தவர்களைப் பற்றியது. இன்றும் இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் சேமிப்பைப் போட்டு, நாலு மெஷின் வாங்கி, வீட்டு மாடியில் ஷெட் போட்டு ஜாப் ஒர்க் தொடங்குகிறார்கள். பணத்துக்கும் மனசாட்சிக்கும் உண்மையான சோதனை அந்த மாடியில்தான். நேற்று வரை பிஎஃப் கேட்டவர் இன்று அதைக் கொடுக்கிற இடத்தில் நிற்கிறார்.

பிஎஃப் சட்டம் 20 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம். இஎஸ்ஐக்கு 10 பேர். அதனால் பத்தொன்பதிலேயே நிறுத்தி, அடுத்த ஷெட்டை மனைவி பெயரில் தொடங்கும் தந்திரம் ஊருக்கே தெரியும். ரேட்டு பேசும் எக்ஸ்போர்ட்டர் பீஸுக்குக் கால் ரூபாய் குறைப்பார், பில்லுக்கு மூன்று மாதம் இழுப்பார், சனிக்கிழமை ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை இவர் வெளியே புரட்ட வேண்டும். நெருக்கடி நிஜமானது, அதை மறுத்துப் பேசுவது நியாயமில்லை. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு செய்துகொண்ட சிறு யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்து நிதியாண்டு முடிவிலும் பாக்கி வைத்தால், வேலை வாங்கிய எக்ஸ்போர்ட்டர் அந்தத் தொகையை அந்த ஆண்டு வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது. இந்த வரி விதி 2023-24 நிதியாண்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். ஆட்கள் இருபதுக்குக் கீழே இருந்தாலும், முதலாளியும் தொழிலாளர்களில் பெரும்பான்மையினரும் சம்மதித்தால் பிஎஃப்பில் தானாக முன்வந்து சேரவும் சட்டம் இடம் கொடுக்கிறது. எட்டு பேர் வைத்துத் தைப்பவர் நாளைக்கே அதற்கு விண்ணப்பிக்கலாம்.